வைத்தியனுக்கு எல்லை வேண்டும். எல்லைக்கு வாசலும் வேண்டும்

பலெர்மோவில் வாழும் எம்மவரிற் பெரும்பாலானோர் உடலுழைப்பினால் வாழ்பவர்கள். பிறர் வீடுகளைத் துடைத்தும், படுக்கையிற் கிடக்கும் முதியோரைத் தூக்கி இருத்தியும், உணவகங்களின் பின்கட்டிற் பாத்திரம் கழுவியும் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம்; ஊரிலுள்ளோருக்குப் பணம் அனுப்புகிறோம். இவ்வுழைப்பின் விலையை முதுகும் முழங்காலும் தோள்மூட்டுமே செலுத்துகின்றன. விசேட வைத்தியரைக் காண்பதற்கோ மாதக்கணக்கிற் காத்திருக்க வேண்டியுள்ளது. காத்திருந்து உள்ளே சென்றாலும் வலியை விளக்கிச் சொல்ல இத்தாலிய மொழி போதாமல் திரும்பி வருவோர் எம்மிடையே அதிகம்.

இந்நிலையில் வேறு வழிகளைத் தேடுவது இயல்பே. சீன ஊசி குத்தினால் நாரிப்பிடிப்பு விடும் என்கிறார் ஒருவர். ஊரிற் சித்த வைத்தியம் படித்த ஒருவர் நாடி பார்த்துச் சூரணம் தருகிறார் என்கிறார் மற்றொருவர். இன்னார் காய்ச்சும் எண்ணெய் கைகண்ட மருந்து என்ற செய்தி ஞாயிறு வழிபாடு முடிந்து நிற்கும் வேளையில் வாய்க்கு வாய் பரவுகிறது. இவற்றை நாடுவோரையோ, நல்லெண்ணத்துடன் கைகொடுப்போரையோ பழிப்பது எமது நோக்கமன்று. ஆனால் இந்நாட்டில் யார் ஊசி குத்தலாம், யார் மருந்து கொடுக்கலாம், யார் எந்த அளவுடன் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதை எம்மிற் பலர் அறியாதிருக்கின்றனர். அறியாமையால் நோயாளி உடல்நலத்தையும், வைத்தியம் செய்பவர் இந்நாட்டில் வாழும் வாய்ப்பையும் இழக்க நேரலாம். ஆகவே இதனை வெளிப்படையாகப் பேசுவது அவசியமாகின்றது.

முதலிற் சட்டத்தைப் பார்ப்போம். அக்குபங்சர் எனப்படும் சீன ஊசி வைத்தியம் வைத்தியத் தொழிலுக்குரிய செயல் என்றும், வைத்தியப் பட்டமும் பதிவும் உள்ளவரே அதனைச் செய்யலாம் என்றும் இத்தாலியின் உச்ச நீதிமன்றம் 1982ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தது. 2002ஆம் ஆண்டு தேர்ணி நகரிற் கூடிய இத்தாலிய வைத்தியர் சம்மேளனம், மரபுசாரா வைத்திய முறைகள் என ஒன்பதினைப் பெயர் குறித்து ஏற்றுக்கொண்டது. சீன மரபு வைத்தியமும் ஆயுர்வேதமும் அப்பட்டியலில் உள்ளன. எமது சித்த வைத்தியத்தின் பெயர் அங்கு இல்லை. 2013ஆம் ஆண்டு பெப்ரவரி 7ஆம் திகதி மத்திய அரசும் பிராந்தியங்களும் செய்துகொண்ட உடன்பாடு அக்குபங்சர், மூலிகை வைத்தியம், ஹோமியோபதி ஆகியவற்றுக்கான பயிற்சியை ஒழுங்குபடுத்தியது. அப்பயிற்சியும் ஏற்கெனவே வைத்தியராகவோ பல் வைத்தியராகவோ மருந்தாளராகவோ கால்நடை வைத்தியராகவோ தகுதி பெற்றோருக்கே உரியது. அவரவர் தம் துறைக்கு உட்பட்டே அதனைப் பயன்படுத்தலாம்.

இதன் பொருள் தெளிவானது. நோய் இன்னதென்று கண்டு கூறுதல், உடலில் ஊசி ஏற்றுதல், நோய்க்கு மருந்து குறித்துக் கொடுத்தல் ஆகிய மூன்றும் வைத்தியருக்குரியவை. பெய்ஜிங்கில் ஐந்து ஆண்டுகள் சீன வைத்தியம் மட்டும் கற்ற சீனரும், கைதடியிற் சித்த வைத்தியம் கற்ற யாழ்ப்பாணத்தவரும் இச்சட்டத்தின் முன் ஒரே வரிசையில், வாசலுக்கு வெளியே நிற்கின்றனர். வைத்தியரல்லாத ஒருவர் செய்யக்கூடியது உடலுக்கு இதம் தரும் சேவை மட்டுமே. அதனையும் 2013ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்திற்கு அமைய, வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு பத்திரத்திலும் அச்சட்டத்தைக் குறிப்பிட்டுச் செய்ய வேண்டும். நோயைக் குணமாக்குவதாகச் சொல்லிவிட்டால் அந்த எல்லை கடந்தாயிற்று. நோய் தீர்க்கும் மசாஜும் அதற்கெனப் பயின்று தகுதி பெற்றோருக்கு உரியது. முதியவரைப் பராமரிக்கும் எமது சகோதரியிடம் வீட்டுக்காரர் ஆசையாக 'இந்திய மசாஜ்' கேட்டு, அதை அயலவருக்கும் பரிந்துரைக்கும்போது, அவர் தாம் அறியாமலே அந்த எல்லையில் நிற்கிறார்.

எல்லை மீறலுக்கான தண்டனை சிறிதன்று. தகுதியின்றித் தொழில் செய்வதைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டத்தின் 348ஆம் பிரிவு 2018ஆம் ஆண்டு கடுமையாக்கப்பட்டது. ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 10,000 முதல் 50,000 யூரோ வரை அபராதமும் விதிக்கப்படலாம். அவ்வாறான வைத்தியத்தால் உயிரிழப்பு நேர்ந்தால் சிறைத்தண்டனை மூன்று முதல் பத்து ஆண்டுகள். இத்தாலியப் பிரசைக்கு இது தண்டனை மட்டுமே. எமக்கோ அதற்கு மேலும் ஒன்று உண்டு: நாளை குடியுரிமை கோரி நிற்கும்போது குற்றப்பதிவேடு புரட்டிப் பார்க்கப்படும். பத்து ஆண்டு உழைத்துச் சேர்த்த நம்பிக்கையைப் பத்து நிமிட ஊசி அழித்துவிடக் கூடும்.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபனை எழும். 'மேலைத்தேய வைத்தியர்கள் தமது வருமானத்தைக் காக்கப் போட்ட வேலி இது. ஆயிரமாண்டு பழமையுள்ள எமது வைத்தியத்தை அளக்க இவர்கள் யார்?' என்பதே அது. இதில் ஓரளவு நியாயம் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் எல்லை வகுத்தல் வெள்ளையரின் கண்டுபிடிப்பு என எண்ணுவது தவறு. எமது தாயகத்திலும் எல்லை இருந்தது, இருக்கிறது. இலங்கையின் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் ஆயுர்வேத, சித்த, யுனானி வைத்தியர்களைப் பதிவேட்டின் கீழ்க் கொண்டுவந்தது. பரம்பரை வைத்தியருக்கும் அங்கு இடமுண்டு. ஆனால் முறிவு தெறிவுக்கு ஒருவர், விஷக்கடிக்கு ஒருவர், கண்நோய்க்கு ஒருவர் என அவரவர் கைவந்த துறைக்கே பதிவு. சட்டம் வருவதற்கு முன்னரும் எமது கிராமங்களில் இதுவே வழக்கம். என்பு முறிந்தவனை விஷக்கடிப் பரியாரியாரிடம் எவரும் தூக்கிச் செல்வதில்லை. தன் கைக்கு அடங்காத நோயைக் கண்டதும் 'பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ' என்று சொன்ன பரியாரியாரையே ஊர் பெரிதும் மதித்தது. தன் எல்லையை அறிந்திருப்பது வைத்தியனின் கல்வியில் ஒரு பகுதி என்பதை எம் முன்னோர் அறிந்திருந்தனர்.

எல்லை இல்லாதவிடத்து என்ன நிகழும் என்பதற்கு பெல்ஜியத்தில் நடந்தது சான்று. 1990களின் தொடக்கத்தில் பிரசல்ஸ் நகரில் உடல் மெலிவிக்கும் நிலையமொன்றிற் சீன மூலிகை கலந்த மருந்தை உட்கொண்ட பெண்கள் ஒருவர் பின் ஒருவராகச் சிறுநீரகம் செயலிழந்து வைத்தியசாலைக்கு வந்தனர். தொகை நூறைத் தாண்டியது. பலருக்கு இரத்தச் சுத்திகரிப்போ மாற்றுச் சிறுநீரகமோ தேவைப்பட்டது. சிலருக்குப் பின்னாளிற் சிறுநீர்ப் பாதையிற் புற்றுநோயும் கண்டது. காரணத்தைத் தேடியபோது, ஃபாங் ஜி என்ற வேருக்குப் பதிலாகப் பெயரில் ஒத்த குவாங் ஃபாங் ஜி என்ற வேர் கலந்திருந்தமை தெரியவந்தது. பின்னையது அரிஸ்டோலோக்கியா இனத்தைச் சேர்ந்த நச்சு மூலிகை. பெயரிற் பிசகிய ஒரு சொல் நூறு குடும்பங்களை நிலைகுலைத்தது.

இது சீனர் விடயம் என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. எமது வைத்திய மரபில் வழங்கும் ஆடுதீண்டாப்பாளையும் ஈசுவரமூலியும் அதே அரிஸ்டோலோக்கியா இனத்தவை. இவ்வினத் தாவரங்கள் சேர்ந்த மூலிகை மருந்துகள் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குபவை என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2002ஆம் ஆண்டு வகைப்படுத்தியது. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத் தெற்காசியக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, அவற்றில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருக்கக் கண்டது. இரத்தம் உறையாதிருக்க வார்பரின் குளிசை எடுக்கும் ஒருவர் டான்ஷென் என்ற சீன வேரையும் சேர்த்து உட்கொண்டால் இரத்தக்கசிவு ஏற்படலாம். ஊசியும் அவ்வாறே. பயிலாத கை மார்பில் ஏற்றும் ஊசி நுரையீரலைத் துளைக்கலாம். ஒருவருக்குக் குத்திய ஊசியை மற்றவருக்குக் குத்தினால் ஈரல் அழற்சிக் கிருமி பரவலாம்.

எனினும் பிரசல்ஸ் நிகழ்வில் மற்றொரு பாடமும் உண்டு. அதனை இத்தாலிய அதிகாரிகளும் கவனித்தல் நன்று. அங்கு அம்மருந்தை எழுதிக் கொடுத்தவர்கள் மேலைத்தேய வைத்தியப் பட்டம் பெற்றவர்கள். பட்டம் இருந்தது, அந்த வேரைப் பற்றிய அறிவு இருக்கவில்லை. ஆகவே வைத்தியப் பட்டம் ஒன்றே போதும் என்று கதவைச் சாத்திவிடுவது நோயாளிக்கு முழுப் பாதுகாப்பு ஆகாது. மூலிகையை அறிந்தவரைச் சோதித்து, அவருக்குரிய எல்லையை எழுதிக் கொடுத்து, அந்த எல்லைக்குள் அவரைத் தொழில் செய்ய விடுவதே முழுமையான வழி. நாம் வற்புறுத்த விரும்புவது இதனையே: எல்லை வேண்டும், அந்த எல்லையிற் சோதித்து உள்ளே விடும் ஒரு வாசலும் வேண்டும்.

இக்கோரிக்கை இத்தீவுக்கு அந்நியமானதன்று. எம்மிற் பலர் நாளாந்தம் கடந்து செல்லும் பலெர்மோப் பேராலயத்தினுள் இரு மன்னர்களின் செம்பாறைக் கல்லறைகள் உள்ளன. ஒருவர் இரண்டாம் றோஜர். அரச அதிகாரிகளின் சோதனையிற் சித்தியடையாது எவரும் வைத்தியம் செய்யலாகாது, மீறினால் சிறையும் சொத்துப் பறிமுதலும் என 1140ஆம் ஆண்டளவில் ஆணையிட்டவர் அவர். மற்றவர் அவருடைய பேரன் இரண்டாம் பிரெடெரிக். 1231ஆம் ஆண்டின் மெல்ஃபிச் சட்டத் தொகுப்பிலும் அதனைத் தொடர்ந்த ஆணைகளிலும் அவர் இதனை விரிவுபடுத்தினார். மூன்று ஆண்டு தருக்கமும் ஐந்து ஆண்டு வைத்தியமும் பயின்று, ஓராண்டு மூத்த வைத்தியரின் கீழ்ப் பழகிய பின்னரே தொழில். வைத்தியர் மருந்துக் கடைக்காரருடன் கூட்டு வியாபாரம் செய்யலாகாது. ஏழைகளுக்கு ஊதியமின்றி ஆலோசனை கூற வேண்டும். ஐரோப்பாவில் வைத்தியத் தொழிலுக்கு எழுத்தில் எல்லை வகுத்த முதற் சட்டங்களில் இவை அடங்கும். அறபும் கிரேக்கமும் இலத்தீனும் ஒருங்கே வழங்கிய அரசவையிற் பிறந்த மரபு இது.

அந்த எல்லைக்கு வாசலும் இருந்தது. 1376ஆம் ஆண்டு கத்தானியாவைச் சேர்ந்த விர்திமூரா என்ற யூதப் பெண் அரச வைத்தியர்களின் சோதனையிற் சித்தியெய்தி, சிசிலி முழுவதும் வைத்தியம் செய்ய அனுமதி பெற்றார். வைத்தியருக்கு உயர்ந்த கட்டணம் கொடுக்க இயலாத ஏழைகளுக்குப் பணிபுரிவதே அவர் நோக்கமாக இருந்தது. சிறுபான்மை இனத்தவர், பெண், பல்கலைக்கழகம் செல்ல வழியற்றவர். ஆயினும் நீ யார் என்று கேட்டு அவரை விரட்டாமல், உனக்கு என்ன தெரியும் என்று கேட்டுச் சோதித்தனர். 650 ஆண்டுகளுக்கு முன் இத்தீவு ஒரு யூதப் பெண்ணிடம் கேட்ட கேள்வியை இன்று ஒரு தமிழரிடமும் ஒரு சீனரிடமும் கேட்குமாறே நாம் வேண்டுகிறோம்.

வேறு நாடுகளில் அவ்வாசல் திறந்திருக்கிறது. எம்மவர் பெருந்தொகையாக வாழும் ஒன்ராறியோ மாகாணத்தில் 2006ஆம் ஆண்டின் சீன மரபு வைத்தியச் சட்டமும், 2013இல் முழுமையாக இயங்கத் தொடங்கிய ஒழுங்காற்றுக் கழகமும் உள்ளன. அங்கு பதிவு பெற்றவருக்கு உரிய விசேட அதிகாரங்கள் இரண்டு: அக்குபங்சருக்காகத் தோலுக்குக் கீழ் ஊசி ஏற்றுதல், சீன வைத்திய முறைப்படி கண்டறிந்த நோய்நிலையை நோயாளிக்குக் கூறுதல். அதற்கு அப்பாற் செல்ல இயலாது. அதற்குள் எவரும் அவரைத் தடுக்கவும் இயலாது. 2022ஆம் ஆண்டு அக்கழகத்தைக் கலைக்க மாகாண அரசு முனைந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்து, அம்முயற்சி கைவிடப்பட்டது. ஒழுங்கு விதிகளைச் சுமையென எண்ணுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். எல்லையை அழிப்பதாக அரசு சொன்னபோது, அந்த எல்லைக்குள் வாழ்ந்தோரே அதனைக் காக்க முன்வந்தனர்.

சுவிற்சர்லாந்தில் 2009ஆம் ஆண்டு மே 17ஆம் திகதி நடந்த மக்கள் வாக்கெடுப்பில் மூன்றில் இரு பங்கினர் மாற்று வைத்தியத்திற்கு அரசியலமைப்பில் இடமளித்தனர். அதன் பயனாக 2015ஆம் ஆண்டு முதல் சீன வைத்தியம், ஆயுர்வேதம் உள்ளிட்ட நான்கு துறைகளில் சமஷ்டித் தகுதிப் பரீட்சைக்கு வழி பிறந்தது. சீனாவும் தன் பரம்பரை வைத்தியரைக் கைவிடவில்லை. 2017ஆம் ஆண்டு யூலை முதல் நடைமுறையிலுள்ள அதன் சட்டப்படி, குருவிடம் கற்றுப் பல்லாண்டு தொழில் செய்த ஒருவர், பட்டம் இல்லாவிடினும், வைத்தியர் இருவரின் பரிந்துரையுடன் செய்முறைச் சோதனைக்குத் தோற்றலாம். சித்தியெய்தினால் சோதிக்கப்பட்ட துறையின் எல்லைக்குள் தொழில் புரியலாம்.

இத்தாலியும் அசையாத நாடன்று. எந்தச் சட்டம் 348ஆம் பிரிவின் தண்டனையைக் கூட்டியதோ, அதே 2018ஆம் ஆண்டுச் சட்டம் ஒஸ்தியோபதியையும் கைரோபிரக்ரிக்கையும் சுகாதாரத் தொழில்களாக இனங்கண்டது. ஒஸ்தியோபதியின் தொழில் எல்லை 2021ஆம் ஆண்டு வரையறுக்கப்பட்டது. நெடுங்காலம் வெளியே நின்ற ஒரு தொழில் ஒழுங்கான அமைப்பும் விடாமுயற்சியும் கொண்டு உள்ளே வந்துள்ளது. சீன வைத்தியருக்கும் ஆயுர்வேத, சித்த வைத்தியருக்கும் அது இயலாதென்று கூற முடியாது.

அந்நாள் வரும் வரை நாம் செய்ய வேண்டியது என்ன? வைத்தியம் அறிந்த எம்மவருக்கு முதற்சொல்: ஊசி ஏற்றாதீர்கள், நோய்க்குப் பெயர் சூட்டாதீர்கள், மருந்து குறித்துக் கொடுக்காதீர்கள், வைத்தியர் குறித்த குளிசையை நிறுத்துமாறு எவருக்கும் சொல்லாதீர்கள். உங்கள் அறிவு பயனற்றுப் போகும் என அஞ்ச வேண்டாம். வைத்தியசாலைகளில் மொழிக்கும் பண்பாட்டுக்கும் பாலமாக நிற்கும் கலாசார இணைப்பாளர் பணி உண்டு. 'வாய்வு', 'சூடு', 'உழைவு' என எமது முதியோர் சொல்லும்போது அவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்பதை இத்தாலிய வைத்தியருக்கு விளக்க, சித்த வைத்தியம் கற்றவரிலும் பொருத்தமானவர் யார்? இங்கு வளரும் பிள்ளைகளுள் வைத்தியத்தில் நாட்டமுள்ளோர் வைத்தியப் பட்டம் பெற்று, அதன் பின் அக்குபங்சரோ மூலிகை வைத்தியமோ பயின்றால் எந்தச் சட்டமும் அவர்கள் கையைப் பிடிக்காது.

நோயாளிகளுக்கு எமது சொல்: ஊசி வைத்தியம் வேண்டுமெனில் தாராளமாக நாடுங்கள், ஆனால் குத்துபவர் வைத்தியர் பதிவேட்டில் உள்ளவரா எனக் கேளுங்கள். மாகாண வைத்தியர் சங்கங்கள் பதிவேடு வைத்திருக்கின்றன. கேட்பது உங்கள் உரிமை. ஊசி புதிதாக உறை பிரித்து எடுக்கப்படுகிறதா எனப் பாருங்கள். பொட்டலத்தில் இருப்பது எந்த மூலிகை எனப் பெயர் கேளுங்கள். ஊரிலிருந்து தருவித்த சூரணமாயினும் நீங்கள் உட்கொள்வதை உங்கள் மெடிக்கோவிடம் மறைக்காதீர்கள். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் இதில் இருமடங்கு கவனமாக இருத்தல் வேண்டும்.

பத்திரம் இல்லையே, ஆஸ்பத்திரிக்குப் போனால் பொலிசார் வருவார்களே என அஞ்சி மறைவான வைத்தியத்தை நாடுவோரும் எம்மிடையே உளர். அவர்களுக்கு இதனை அழுத்திக் கூறுகிறோம். தஞ்சம் கோரி விண்ணப்பித்தவருக்குத் தேசிய சுகாதார சேவையிற் பதியும் உரிமை உண்டு. வதிவிட அனுமதி இல்லாதவருக்கும் எஸ்.ரி.பி. எனப்படும் குறியீட்டு இலக்கம் வழங்கப்படும். ஆறு மாதம் செல்லுபடியாகும் அதனைப் புதுப்பிக்கலாம். அவசர சிகிச்சையும் இன்றியமையாத சிகிச்சையும் அதனாற் கிடைக்கும். நோயாளியை அதிகாரிகளுக்குக் காட்டிக் கொடுக்கலாகாது என்பது 1998ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தின் 35ஆவது பிரிவு. 2009ஆம் ஆண்டு அப்பாதுகாப்பை நீக்க முயன்றபோது இத்தாலிய வைத்தியர்களும் தாதியருமே 'நாம் ஒற்றர்கள் அல்லர்' என எழுந்து நின்றனர். அம்முயற்சி கைகூடவில்லை. அத்தகையோர் இருக்கும் வாசலைத் தட்ட நாம் அஞ்ச வேண்டியதில்லை.

சங்கங்களுக்கும் ஒரு கடமை உண்டு. கலைவிழாக்களையும் விளையாட்டுப் போட்டிகளையும் சிறப்புற நடத்தும் எமது அமைப்புகள், எம்மிடையே முறையாக வைத்தியம் கற்றோர் எத்தனை பேர், அவர்கள் கையிலுள்ள சான்றிதழ்கள் எவை என ஒரு பட்டியலாவது தயாரிக்க வேண்டும். அப்பட்டியலுடன், இதே வாசலுக்கு வெளியே நிற்கும் சீனச் சமூகத்தாருடன் கைகோர்த்து, வைத்தியர் சங்கத்திடமும் பிராந்திய அரசிடமும் ஒரே கோரிக்கையை முன்வைக்க வேண்டும். 'எம்மைச் சோதியுங்கள். தேறியவருக்கு எல்லை வகுத்துக் கொடுங்கள். மீறியவரைத் தண்டியுங்கள்' என்பதே அக்கோரிக்கையாக இருக்கட்டும். சலுகை கேட்பவனைச் சட்டம் சந்தேகிக்கும்; சோதனையைக் கேட்பவனுக்கு அது பதில் சொல்லியாக வேண்டும்.